அம்மாவின் நூறு அடி

அத்தியாயம் 5

ஐந்தாம் நாள் காலையில் அப்பா முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டே சொன்னார்: "முப்பத்திரண்டு வருஷம் ஊரையே உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனவன் நான். கடைசியில என்னை நடக்க விட்டுட்டா பாரு உங்கம்மா."

நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். தெருமுனைக் கடைக்கு நடந்து போவதற்கே நாலு தடவை யோசிப்பவர். அவரை மலை உச்சியில் இறக்கிவிட்டு, ஆறு நாளில் கடற்கரைக்கு நடந்து வா என்றால் முழங்கால் சும்மா இருக்குமா?

கூட வந்து வழிகாட்ட ஆள் கிடையாது. பைகளை ஒரு வேன் விடுதிக்கு விடுதி கொண்டுபோய் வைத்துவிடும். நடப்பவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் மட்டும் இருக்கும். இந்த வேலியில் திரும்பு, அந்தப் பாலத்தில் ஏறாதே என்று வரிவரியாகச் சொல்லும். அதை எழுதியவள் அம்மா. நடைப்பயண நிறுவனம் ஒன்றுக்கு இப்படிப் பதினான்கு வழிகள் எழுதிக் கொடுத்தாள். இது பதினான்காவது, கடைசி. உயிரோடு இருந்தவரை அவள் எழுதிய வழி ஒன்றில்கூட வீட்டில் எல்லோரும் சேர்ந்து நடந்து பார்த்ததில்லை. அவள் போய்ப் பதினோரு மாதம் கழித்து அப்பா, மகள், மகன் மூன்று பேரும் கிளம்பி வந்திருக்கிறார்கள். எல்லா வீட்டுக் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

டிக்கெட் போட்டவன் சின்னவன். டைல்ஸ் பதிக்கும் வேலை, ஆள் குள்ளம், வீட்டில் பெயர் கடுகு. எதற்காக இந்தப் பயணம் என்று அக்கா கேட்டதற்கு, "சும்மாதான்" என்று சொல்லி வைத்திருந்தான்.

அம்மாவின் புத்தகத்தில் மீட்டர் கணக்கு கிடையாது. பள்ளத்தாக்கில் போனுக்கு சிக்னல் வராது, மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பாள். எல்லாம் அவள் எடுத்து வைத்த காலடிக் கணக்கு. முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள்: 'விடுதி வாசலிலிருந்து தபால் பெட்டிவரை எனக்கு நூறு அடி. உங்களுக்கு எத்தனை என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு நாளும் அந்தக் கணக்குத்தான் உங்கள் துணை.'

முதல் நாள் மூவரும் எண்ணினார்கள். அப்பாவுக்கு எண்பத்து நாலு. மகளுக்குத் தொண்ணூற்றிரண்டு. கடுகுக்கு நூற்றேழு.

"அம்மாவைவிடக் குட்டைன்னு தபால் பெட்டி சாட்சியா நிரூபிச்சிட்டடா" என்று அக்கா சிரித்தாள். அதுதான் இந்தப் பயணத்தில் அவள் கடைசியாகச் சிரித்தது. அன்று மத்தியானமே அவளுக்கும் அப்பாவுக்கும் முட்டிக்கொண்டது.

முட்டலுக்கான காரணம் பழையது. அம்மாவின் உடம்பில் ஒரு வருடமாகப் பரவிக்கொண்டிருந்த நோய், அவள் சாவதற்கு நாலு மாதம் முன்புதான் மகளுக்குத் தெரிந்தது. காரியம் முடிந்த அன்றே, இருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவள் அப்பாவைக் கேட்டுவிட்டாள்: "ஒரே வீட்டுல இருந்தீங்க. பின்படியில ஒருத்தர் தடுமாறினாக்கூட கண்ணாடியில பாத்து பிரேக் போட்டவர்தான? பக்கத்துல இருந்த ஆள் உங்களுக்குத் தெரியலையா?"

அப்பா அன்றும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்ட எந்த முறையும் சொல்லவில்லை.

அவளுக்குத்தான் கேட்க உரிமை அதிகம் என்று அவளுக்கு நினைப்பு. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு அறுவை முடிந்தவர்களை, பக்கவாதம் வந்தவர்களை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி மறுபடி நடக்கப் பழக்குகிறவள். தரையில் டேப் ஒட்டி, காலடியை அளந்து, போன வாரத்தைவிட இரண்டு விரல்கடை கூடியிருக்கிறது என்று நோயாளியிடம் சொல்லிச் சந்தோஷப்படுகிறவள். அடுத்தவர் நடையைப் பார்ப்பதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

"இன்னைக்கு மத்தியானம் கடல் தெரியும்னு போட்டிருக்கு" என்றாள், பக்கத்தைப் புரட்டி. சண்டை போட்டாலும் வழி அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியாது.

"நான் அந்தக் கடலைப் பாத்ததே இல்ல" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, கட்டி முடித்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கடுகு அவரை ஒரு தரம் பார்த்தான். பிறகு குனிந்து தன் ஷூ கயிற்றை இறுக்கினான்.

---

பத்து மணி வாக்கில் ஆட்டுப்பட்டி வந்தது. கல்லால் கட்டிய வட்டமான சுவர், உள்ளே ஆடு ஒன்றும் இல்லை. புத்தகம் சொன்னது: 'பட்டியின் கதவிலிருந்து அறுநூறு அடி. வலப்பக்கம் இரட்டைப் பாறை. நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கும். புதர் மூடியிருக்கும், எண்ணிக்கொண்டு வராவிட்டால் தெரியாது.'

மகள் எண்ணினாள். அம்மாவின் அறுநூறு அவளுக்கு ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. ஐந்நூற்று ஐம்பத்திரண்டாவதில் நின்று வலப்பக்கம் பார்த்தாள். பாறை இல்லை. இருபது அடி தள்ளி அகலமான பாதை ஒன்று இறங்கியது.

"இதுதான் போல" என்றாள்.

"பாறையக் காணோமே" என்றார் அப்பா.

"உருண்டு போயிருக்கும். அம்மா எழுதி ரெண்டு வருஷம் ஆச்சு."

நேற்றும் இரண்டு இடத்தில் இப்படித் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று பேருமே களைத்திருந்தார்கள்.

அகலமான பாதை முக்கால் மணி நேரம் இறக்கி, மரம் வெட்டிப் போட்ட ஒரு காட்டு மூலையில் கொண்டுபோய் விட்டுவிட்டது. அதற்கு மேல் பாதை இல்லை. மூன்று பேரும் வெட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் ஆப்பிள் தின்றார்கள். அப்பாவின் முழங்கால் துணியை மீறிப் புடைத்திருந்தது.

"அவ கணக்கு தப்பாது" என்றார் அப்பா.

"அப்ப நான்தான் தப்பா எண்ணினேன்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"நீங்க எதைத்தான் சொல்லியிருக்கீங்க?"

கடுகு ஆப்பிள் கொட்டையைத் தூர எறிந்துவிட்டு எழுந்தான். "மேல ஏறலாம். வெயில் ஏறிடும்."

ஏறும்போது அப்பா ஒவ்வொரு பத்தடிக்கும் நின்றார். மகளுக்குக் கை நீண்டது. அந்தக் காலை எப்படி ஊன்ற வேண்டும், எந்தப் பக்கம் தாங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் கோபம் கையைப் பின்னால் இழுத்தது. கடுகுதான் தோள் கொடுத்தான். குள்ளமாக இருந்தது ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று.

மேலே வந்து பட்டியை நோக்கித் திரும்பி நடந்தபோது, கொஞ்ச தூரத்தில் பாறை தென்பட்டது. இரண்டு பாறைகள், தோளோடு தோள் சாய்ந்து. நடுவே புதர் மூடிய பாதை. அம்மா எழுதியது எழுத்துக்கு எழுத்து அங்கே இருந்தது, எண்ணிக்கையைத் தவிர.

மகள் அங்கிருந்து பட்டிக் கதவுவரை எண்ணிக்கொண்டே போனாள். முந்நூற்று அறுபத்தெட்டு.

கதவில் கை வைத்து நின்றாள். இந்தக் கணக்குக்குக் காகிதம் தேவையில்லை. தினமும் மனதில் போடுவதுதான். அம்மாவின் நல்ல நடைக்கு இந்தத் தூரம் நானூறு அடி. அம்மா அறுநூறு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு அடியிலும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருக்கிறது. வயதானால் காலடி இவ்வளவு சுருங்காது. களைப்பிலும் சுருங்காது. எலும்பில் வலி இருந்து, அது அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்று நடக்கிறவர்களுக்குத்தான் இப்படிச் சுருங்கும். அப்படிப்பட்ட நடையை அவள் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறாள்.

பக்கத்தின் அடியில் தேதி இருந்தது. அம்மா இந்த வழியை ஒரே வாரத்தில் எழுதவில்லை, ஏப்ரலில் தொடங்கித் துண்டு துண்டாக நடந்து எழுதியிருந்தாள். முதல் மூன்று பக்கமும் ஏப்ரல், மே. நாலாவது ஆகஸ்ட். இந்தப் பக்கம் செப்டம்பர். இதே மாதம், இரண்டு வருடங்களுக்கு முன். வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்ததாகச் சொல்லப்பட்டது அதற்கு ஒன்பது மாதம் கழித்து.

அவள் திரும்பி வந்தபோது அப்பா பாறையில் சாய்ந்து நின்றிருந்தார். கடுகு கொஞ்சம் கீழே இறங்கி, பாதையில் வழுக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இங்க நடந்தப்பவே அம்மாவுக்கு வலி இருந்திருக்கு."

அப்பா புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

"நல்லா முத்தின வலி. சாதாரணமா இருக்கிற மாதிரி யாராலயும் நடிச்சிருக்க முடியாது. கூட இருந்தவங்களுக்குத் தெரியாம இருந்திருக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்ப?"

"அந்த ஆகஸ்ட்ல. ரெண்டு பேரும்தான் டாக்டர்கிட்ட போனோம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

அப்பா முழங்காலைத் தடவினார். "உனக்கு அப்ப ஆறாவது மாசம். குழந்தை பொறக்கட்டும், பேரப்பிள்ளையக் கையில வாங்கிட்டுச் சொல்லிக்கிறேன்னா. சரின்னேன். அப்புறம்..."

அப்புறம் என்ன என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் கடைசியில், எட்டாவது மாதத்தில், குழந்தை வயிற்றிலேயே அடங்கிவிட்டது.

"அப்புறம் எப்படிம்மா சொல்றது?" என்றார் அப்பா.

மகள் பாறையில் உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் அடித்தது, நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை.

"அம்மா போனப்ப அத்தனை பேர் முன்னாடி உங்களைக் கேட்டேனே. பதினோரு மாசமா கேட்டுட்டே இருக்கேன். தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அவ மேல கோவப்படுவ. செத்தவகிட்ட எப்படிச் சண்டை போடுவ? திட்ட உனக்கு ஒரு ஆள் வேணும். நான் ரிட்டயர் ஆகி சும்மாதான இருக்கேன்."

அவர் அதைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது, அவளுக்கு மட்டுமில்லை.

---

மத்தியானம் கடல் தெரிந்தது. அம்மா எழுதியிருந்தபடி வேலிக் கதவைத் தாண்டி இடப்பக்கம் பார்த்தால், மரங்களுக்கு மேலே ஒரு வெளிறிய பட்டை. மூன்று பேரும் பார்த்தார்கள். பிறகு நடந்தார்கள்.

மகளின் மனம் வேறொரு வீட்டுக்குப் போயிருந்தது. குழந்தை போன பிறகு அம்மா வந்து அவளோடு ஆறு வாரம் இருந்தாள். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கடைக்கும் மருந்துக்கும் அம்மாதான் ஏறி இறங்கினாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். ஒரு நாள் அம்மாவின் செருப்பு தரையில் தேயும் சத்தம் தாங்காமல் எரிந்து விழுந்தாள்: "என்னம்மா, காலைத் தூக்கி வெச்சு நடக்க மாட்டியா? தேச்சுத் தேச்சு நடந்து உயிரை எடுக்கிற."

"செருப்பு கொஞ்சம் பெரிசும்மா" என்றாள் அம்மா.

படுத்தபடியே போனில் தேடி, ஓர் அளவு சின்னதாகச் செருப்பு வரவழைத்துக் கொடுத்தாள் மகள். அம்மா அதைப் போட்டுக்கொண்டு, இப்போது ரொம்ப வசதி என்றாள். எப்படி நடந்தாள், அந்தச் செருப்பை எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள் என்று மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தவர் நடையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் பார்க்கவில்லை.

பதினோரு மாதமாக அப்பாவைக் கேட்ட கேள்வி இப்போது யாரைப் பார்த்து நின்றது என்று அவளுக்குப் புரிந்தது.

---

நாலு மணிக்கு விடுதி வந்தது. பழைய மாவு மில்லை அறைகளாகத் தடுத்திருந்தார்கள். வாசலில் பெஞ்சு, எதிரே ஓடை, ஓடைக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் ஒரு பாலம். பைகள் ஏற்கனவே வந்து மாடிப்படிக்கு அடியில் இருந்தன. அப்பா மேலே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலை ஒரு பக்கெட் குளிர்ந்த நீரில் வைத்துக்கொண்டார்.

மகள் பெஞ்சில் உட்கார்ந்து நாளைய பக்கத்தை எடுத்தாள். கடைசிப் பக்கம். முதல் வரி: 'விடுதிக் கதவிலிருந்து பாலம்: நூற்று நாற்பது அடி.' பழக்கத்தில் கண் அடியில் இருந்த தேதிக்குப் போனது.

நவம்பர் 19.

நவம்பர் முழுக்க அம்மா அவள் வீட்டில் இருந்தாள்.

அவள் மூன்று தரம் படித்தாள். அப்படியானால் இதை நடந்தது அம்மா இல்லை. அப்பாவா? அவர் நடந்தால் இவ்வளவு தூரத்துக்கு நூற்றுப் பத்துகூட ஆகாது.

அந்த நேரம் கடுகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். சிக்னல் பாலத்தில்தான் கிடைக்கும் என்று விடுதிக்காரி சொல்லியிருந்தாள். போனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நடந்தான். அக்கா பின்னாலிருந்து அவன் காலைப் பார்த்தாள். குட்டையான, சமமான காலடி. டைல்ஸ் வைக்கிறவனின் காலடி, ஒன்றுக்கொன்று பிசகாது. எண்ண ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எண்ணுவதுபோல உதடு அசையாமல் எண்ணினாள்.

நூற்று நாற்பதாவது அடி பாலத்தின் முதல் பலகையில் விழுந்தது.

அவள் எழுந்து அவனிடம் போனாள். கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"எண்ணினியா?" என்றான்.

"உனக்கும் தெரியுமா?"

"அம்மாதான் கேட்டாங்க. உன்கிட்ட கிளம்புறதுக்கு முந்தின நாள். மார்ச்ல புத்தகம் அச்சுக்குப் போகணும், கடைசி நாள் மட்டும் பாக்கி, என்னால முடியாது, நீ போய் எண்ணிட்டு வாடான்னாங்க. ஏன் முடியாதுன்னு கேட்டேன். சொன்னாங்க. அக்காகிட்ட சொல்லாதன்னும் சொன்னாங்க."

"வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

கடுகு பாலத்தின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினான். "எத்தனையோ தடவை உனக்குப் போன் பண்ணினேன்க்கா. எடுத்ததும் சாப்டியான்னுதான் வாயில வரும். அதான் டிக்கெட் போட்டேன். நீ நடந்தா கண்டுபிடிச்சிடுவன்னு தெரியும்."

அவள் அவனை அடிக்கத்தான் கை ஓங்கினாள். அந்தக் கை அவன் தலைமேல் போய் நின்றது.

அவன் கேட்டான்: "கடைசி வரி படிச்சியா?"

படிக்கவில்லை. படித்தாள். 'கடற்கரைப் படியிலிருந்து மணலில் நட்ட மரக்கம்பம்: முப்பத்தொரு அடி. அவசரம் வேண்டாம். கம்பத்தைத் தொட்டால் நடை முடிந்தது.'

"நான் எழுதிக் கொடுத்தது பதினொன்னு" என்றான் கடுகு. "ரெண்டு தடவை எண்ணினேன். பதினொன்னேதான். அச்சுல எப்படி முப்பத்தொன்னு ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பிழைன்னு நினைச்சேன்."

அவளுக்குப் பிழை என்று தோன்றவில்லை. இவனுடைய பதினோரு அடி முப்பத்தொன்று ஆக வேண்டுமானால் ஒவ்வொரு அடியும் ஒரு பாத நீளம்கூட இருக்காது. அவள் பாலத்தை விட்டு இறங்கி, ஓடைக்கரையில் அப்படி நடந்து பார்த்தாள். பாதத்தைத் தூக்க வழியே இல்லை. தேய்த்துத்தான் போக முடிந்தது. இருபதுக்கு மேல் உடம்பு முன்னால் சாயப் பார்த்தது. மணலில், அந்த உடம்போடு, தனியாக இதை நடந்திருக்கவே முடியாது. யாரோ பிடித்திருக்கிறார்கள்.

"என்னம்மா பண்ற அங்க?" மேலே ஜன்னலிலிருந்து அப்பா.

"எண்ணுறேன்ப்பா."

"எத்தனை?"

"முப்பத்தொன்னு."

மேலே பக்கெட் உருளும் ஒலி. மாடிப்படியில் ஒற்றைக் கால் கனமாக இறங்கும் ஒலி. ஈரக்காலோடு, செருப்புக்கூட இல்லாமல் வாசலுக்கு வந்து, புல்லில் நொண்டிக்கொண்டே அவளிடம் வந்து நின்றார்.

"அந்தக் கடலைப் பாத்ததே இல்லன்னீங்க" என்றாள்.

"பிப்ரவரியில. அவளே நடந்து முடிக்கணும்னா. கார்ல கூட்டிட்டுப் போய்ப் படிகிட்ட இறக்கினேன்." மூச்சு வாங்கியது. "கம்பத்தைத் தொட்டப்ப உன்கிட்ட சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னா. நாளைக்கு அங்க போய்ச் சொல்றேன். இங்க வேண்டாம்."

சொல்லிவிட்டு அவளுக்கு இடப்பக்கம் வந்து நின்றார். தன் வலது கையை அவள் அக்குளுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவதுபோலப் பிடித்தார்.

"இப்படித்தான் பிடிச்சேன். முப்பத்தொன்னுக்கும் இப்படியே பிடிச்சிருந்தேன்" என்றார். "அவ ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளிச்சா. நான் பிடிச்சது தப்பா இருக்குமோன்னு அன்னையிலேர்ந்து யோசிக்கிறேன். வீட்டுலயே உன்னை வெச்சுக்கிட்டு, எப்படிப் பிடிக்கணும்னு உன்கிட்ட கேக்க முடியலம்மா."

மகள் ஒரு நிமிடம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அதை அக்குளிலிருந்து மெல்ல எடுத்து, முழங்கைக்கு அடியில் சரியான இடத்தில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.